பாம்புக்குப் பால் வேண்டாம், தண்ணீர் வேண்டும்

தீபாவளி அமாவாசை கழிந்த நான்காம் நாள் நாகுல சவிதி. சித்தூரிலும் திருப்பதியிலும் தெலுங்கு அன்பர்களோடு நம் தமிழ்க் குடும்பத்தார் பலரும் புற்றுக்குப் பால் வார்த்து வணங்குகிறார்கள். அதையொட்டிக் குளிர்காலமும் வந்துவிடுகிறது. “குளிரில் பாம்பு சுருண்டு கிடக்கும், அதற்குத் தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்” என்பது பலருடைய எண்ணம். இதில் முதற்பாதி சரி, பிற்பாதி தவறு.

பாம்பு தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாத பிராணி. குளிர்ந்தால் அதன் இதயத் துடிப்பும் செரிமானமும் மந்தமாகும். அப்போது விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகிவிடும். ஆகவே உண்ணாமல் இருப்பதே அதற்கு நல்லது. ஆனால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஈரம் வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். நெருப்பை அடக்கி ஷெட்டில் நிறுத்திய நீராவி எஞ்சினானாலும் கொதிகலனில் நீர்மட்டம் குறைய விடமாட்டோம் அல்லவா? அது போலத்தான். நீர் குறைந்த பாம்புக்குச் சட்டை முழுதாக உரியாது. துண்டு துண்டாகக் கிழியும்.

நம் பக்கத்துப் பாம்புகள் மாதக்கணக்கில் உறங்குவதில்லை. மார்கழி, தை இரவுகளில் ஒடுங்கி, வெயில் ஏறியதும் வெளியே வரும். கரையான் புற்றுக்குள் வெப்பமும் ஈரமும் அதிகம் மாறாது என்பதால் அங்கே புகுந்துகொள்ளும்.

கூடையில் அடைபட்ட பாம்பின் கதி வேறு. பண்டிகைக்கு முன் பாம்பாட்டிகள் சிலர் அதைத் தண்ணீரின்றி வாடவிடுவதுண்டு. தாகம் தாளாமல் அது எதை வைத்தாலும் குடிக்கும். நாமோ “பால் குடிக்கிறது” என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். பாலைச் செரிக்கும் திறன் பாம்புக்கு இல்லை. குடித்த பால் அதற்குக் கேடு.

நாகம், சாரை, மலைப்பாம்பு முதலியவற்றைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளைச் சென்னை கிண்டி பாம்புப் பண்ணைக்கு அழைத்துச் செல்லலாம்.

வெளிநாட்டில் உள்ள நம் பேரப்பிள்ளைகளில் சிலர் அங்குள்ள சட்டப்படி ‘கார்ன் ஸ்னேக்’ போன்றவற்றை வளர்க்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள்: குளிர் உறக்கத்தில் தீனியை நிறுத்தினாலும் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கூடாது. கிண்ணம் கவிழாத கனத்தோடு இருக்கட்டும்; நீரை அடிக்கடி மாற்றட்டும். பெட்டி முழுவதும் ஈரமானால் தோல் நோய் வரும். ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதியைச் சேர்ந்த ‘பால் பைத்தான்’ வகையைக் குளிர வைக்கவே கூடாது.

இந்த ஆண்டு புற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் பூவும் போதும். பாலை வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்போம். கூடைப் பாம்புக்குக் காசு போடாமல் இருப்போம்.