வங்கி அட்டையின் எண் என்ன சொல்கிறது?

குற்றாலத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்களா? முகவரியின் அடியில் 627802 என்று எழுத வேண்டும். தென்காசி என்றால் 627811. இந்த அஞ்சல் குறியீட்டு எண்முறை நம் நாட்டில் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கமாகிய 6 தமிழ்நாடு, கேரளம் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். 627 என்ற மூன்றும் சேர்ந்தால் திருநெல்வேலிப் பகுதி. 2019இல் தென்காசி தனி மாவட்டமான பின்னும் இது மாறவில்லை. கடைசி மூன்று இலக்கங்களே குற்றாலத்தையும் தென்காசியையும் பிரித்துக் காட்டுகின்றன. எங்கோ வட நாட்டில் கடிதம் பிரிப்பவருக்குக் குற்றாலம் எங்கிருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. முதல் இலக்கத்தைப் பார்த்துத் தெற்கே அனுப்பினால் போதும்.

உங்கள் வீட்டில் உள்ள வங்கி அட்டையின் எண்ணும் இதே வகையானதுதான். பெரும்பாலான அட்டைகளில் 16 இலக்கங்கள் இருக்கும். அவற்றை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம்.

முதற்பகுதி, அட்டையை வழங்கிய வங்கியின் அடையாள எண். இதன் முதல் இலக்கம் 4 என்றால் அது விசா அட்டை. மாஸ்டர்கார்டு அட்டைகள் 5இலோ 2இலோ தொடங்கும். நம் நாட்டில் 2012இல் தொடங்கப்பட்ட ரூபே அட்டைகளில் பல 6இலோ 8இலோ தொடங்குகின்றன. இரண்டாம் பகுதி அட்டைக்கு உரியவரைக் குறிப்பது. மூன்றாவது, கடைசியில் நிற்கும் ஒற்றை இலக்கம். அதன் வேலையைப் பிறகு காண்போம்.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடுதியில் வாடகை செலுத்த அட்டையைக் கொடுக்கிறீர்கள். விடுதிக்காரரின் கருவி ஒரு வங்கி தந்தது. உங்கள் அட்டையோ வேறொரு வங்கியுடையது. கருவி அட்டை எண்ணைப் படித்துத் தன் வங்கிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது விசா, ரூபே போன்ற இணைப்பு நிறுவனத்தின் கணிப்பொறிக்குப் போகிறது. அக்கணிப்பொறியில் ஓர் அட்டவணை உண்டு. எந்த அடையாள எண் எந்த வங்கிக்கு உரியது என்பதை அதில் பார்த்து, செய்தியை உங்கள் வங்கிக்குத் திருப்பிவிடுகிறது. உங்கள் வங்கி இரகசிய எண்ணையும் கணக்கில் உள்ள பணத்தையும் சரிபார்த்து, ‘சரி’ அல்லது ‘இல்லை’ என்று விடை அனுப்புகிறது. இவையெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன.

வெகுகாலம் வங்கியின் அடையாள எண் 6 இலக்கமாக இருந்தது. ஆறு இலக்கங்களைக் கொண்டு 10 லட்சம் வரிசைகளை அமைக்கலாம். ஒவ்வொரு வரிசையிலும் 100 கோடி அட்டைகளுக்கு இடமுண்டு. சிறிய வங்கிக்கு இவ்வளவு எதற்கு? இடம் வீணாயிற்று, வரிசைகளுக்கோ பஞ்சம் வந்தது. எனவே 2017இல் உலகத் தர விதி அடையாள எண்ணை 8 இலக்கமாக்கியது. இப்போது 10 கோடி வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோடி அட்டைகள். மொத்த எண்ணிக்கை மாறவில்லை, பங்கீடுதான் மாறியது.

இனி, கடைசி இலக்கம். இது எண்ணைத் தவறாக எழுதினால் காட்டிக்கொடுக்கும் காவலாளி. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் இந்த முறைக்கு 1960இல் காப்புரிமை பெற்றார். தென்காசியின் 627811ஐக் கொண்டே செய்து பார்ப்போம். வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டியுங்கள். பெருக்குத்தொகை இரண்டு இலக்கமானால் அவ்விரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். 1 என்பது 2 ஆகும்; அடுத்த 1 அப்படியே; 8 என்பது 16, அதாவது 7; அடுத்த 7 அப்படியே; 2 என்பது 4; 6 அப்படியே. கூட்டினால் 27. இதைப் பத்தின் மடங்காக்க 3 வேண்டும். ஆகவே காவல் இலக்கம் 3. முழு எண் 6278113. யாராவது 6728113 என்று மாற்றி எழுதினால் கூட்டுத்தொகை 26 ஆகி, பிழை உடனே வெளிப்படும். இலக்கம் ஒன்று பிழையானால் இம்முறை தவறாமல் கண்டுபிடிக்கும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினாலும் கண்டுபிடிக்கும். 0, 9 ஆகிய இரண்டும் தமக்குள் இடம் மாறினால் மட்டும் ஏமாந்துவிடும்.

இதையெல்லாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? ஒருநாள் தொலைபேசியில் ஒருவர், “வங்கியிலிருந்து பேசுகிறேன். உங்கள் அட்டையின் முதல் ஆறு எண்கள் இவைதானே?” என்று சரியாகவே சொல்லக்கூடும். ‘எண் தெரிந்திருக்கிறதே, வங்கிக்காரர்தான்’ என்று பலர் நம்பிவிடுகிறார்கள். நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒரு வங்கியின் ஒரே வகை அட்டைகள் ஆயிரக்கணக்கானவற்றுக்கு அந்த முதல் இலக்கங்கள் பொதுவானவை என்று உங்களுக்குத் தெரியும். 627 என்று சொன்னவருக்கு உங்கள் வீடு தெரியும் என்றா பொருள்? முதல் இலக்கங்களைச் சொல்லிவிட்டு மீதியையும், அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்கங்களையும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கேட்பார்கள். சொல்லாதீர்கள், உண்மையான வங்கி அவற்றைக் கேட்பதில்லை. ஏமாந்து பணம் போய்விட்டாலோ தாமதமின்றி உங்கள் வங்கிக்கும், 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

இன்று உங்கள் வீட்டு அட்டை ஒன்றை எடுத்து, அதன் எண்ணை லூன் முறையில் நீங்களே சோதித்துப் பாருங்கள். முடிந்ததும் கணக்குப் போட்ட தாளைக் கிழித்துவிட மறக்காதீர்கள்!