முத்தை எடைபோட்ட கிரேக்கர், மூச்சடக்கிய பரதவர்

ஏரலுக்கு அருகே, வயலுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவே இருக்கிறது கொற்கை. கடலைப் பார்க்க அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் கரையை அவ்வளவு தூரம் நகர்த்திவிட்டது. பாண்டியரின் பெருந்துறைமுகம் இதுதான் என்றால், புதிதாக வருபவர்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள்.

ஆனால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க மொழி பேசிய வணிகர்களுக்கு இந்த ஊர் நன்றாகத் தெரிந்திருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எகிப்தைச் சேர்ந்த, பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடல்வழிக் கையேடான ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்’ இதைக் ‘கொல்கோய்’ என்கிறது. குமரியைத் தாண்டி, பாண்டிய மன்னனின் ஆட்சிக்குள், முத்துக் குளிக்கும் இடம் என்று குறிப்பிடுகிறது. அடுத்த நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் இருந்த புவியியலாளர் தாலமி, உலகின் ஊர்களைப் பட்டியலிட்டபோது இதை வணிகத் துறையாகச் சேர்த்தார். இன்று மன்னார் வளைகுடா எனப்படும் கடலுக்கு அவர் கொடுத்த பெயரே ‘கொல்கிக் வளைகுடா’.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. சுமார் கி.மு. 300-ல் சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த கிரேக்கர் மெகஸ்தனிஸ் கேட்டு எழுதியதை, பின்னாளில் கிரேக்க எழுத்தாளர் அரியன் தன் ‘இண்டிகா’ நூலில் எடுத்துத் தருகிறார். மாவீரன் ஹெராக்ளிஸ் கடலில் முத்தைக் கண்டெடுத்து, தன் மகள் பாண்டையாவுக்கு அணியாக்கினானாம். அவள் ஆள ஒரு நாடும், 500 யானைகளும், 4,000 குதிரைவீரர்களும், 1,30,000 காலாட்படையும் கொடுத்தானாம். முத்துச் சிப்பிகளுக்குத் தேனீக்களைப்போல ஒரு தலைமை உண்டு, அதைப் பிடித்துவிட்டால் மற்றவை தானாக வலைக்குள் வரும் என்றும் அதில் இருக்கிறது. கற்பனைதான். ஆனால் அதே பகுதியில் இரண்டு செய்திகள் கணீரென்று நிற்கின்றன: இந்தியாவில் முத்து, தன் எடைத் தூய பொன்னைப்போல் மூன்று மடங்கு விலைபோனது, சிப்பியின் சதையை அழுகவிட்டுத்தான் முத்தைப் பிரித்தெடுத்தார்கள்.

இந்த இரண்டாவது செய்தி அப்படியே உண்மை. தூத்துக்குடியில் ‘சலாபம்’ எனப்பட்ட பழைய முத்துக் குளிப்புகளில் ஏலம் எடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவைத்து, புழு தின்று முடித்த பிறகு கடல்நீரில் அலசி, அடியில் தங்கும் மணலைச் சலித்து முத்துப் பொறுக்குவார்கள். கடற்கரையே நாறும். அந்த நாற்றத்தை நேரில் அறிந்த ஒருவர் மெகஸ்தனிஸுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

தத்துவ அறிஞர்களும் முத்தை விட்டுவைக்கவில்லை. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோப்ராஸ்டஸ், கற்களைப் பற்றிய தன் நூலில் முத்தையும் சேர்த்து, அது சிப்பியில் உண்டாவது, இந்தியாவில் கிடைப்பது என்று எழுதினார். அரசியலிலும் பாண்டியர் பெயர் எட்டியது. பாண்டியன் ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்குத் தூதும் பரிசும் அனுப்பியதாகச் சொல்லப்படுவதைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ பதிவு செய்திருக்கிறார்.

இவ்வளவு எழுதியவர்கள், கடலுக்குள் இறங்கியவர்களைப் பற்றி என்ன எழுதினார்கள்? பெரிப்ளூஸில் ஒரே ஒரு குறிப்பு: கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள்.

இதை வரலாற்று நூல்கள் பல, மறுபேச்சில்லாமல் திருப்பிச் சொல்கின்றன. அதை நின்று யோசிக்க வேண்டும். அந்த வணிகர் வாழ்ந்த எகிப்தில், குற்றவாளிகளையும் போர்க்கைதிகளையும் தங்கச் சுரங்கத்தில் தள்ளி வேலை வாங்கிய கொடுமையை அகதார்கிடிஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் முன்பே விவரித்திருக்கிறார். ஏதென்ஸின் லாரியன் வெள்ளிச் சுரங்கத்தில் உழைத்ததும் அடிமைகளே. விலைமதிப்புள்ள பொருளை ஆபத்தான இடத்திலிருந்து எடுப்பது கைதியின் வேலை என்று பழகிய கண், கொற்கையிலும் கைதிகளையே கண்டிருக்கலாம்.

சங்க நூல்கள் காட்டும் கொற்கையோ கடலோரக் குலத்தவரான பரதவர் ஊர். பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடும் மதுரைக்காஞ்சி, தென்பரதவரை அவன் போரில் அடக்கியதாகவும் சொல்கிறது. மன்னனே படை நடத்தி அடக்க வேண்டிய அளவுக்கு வலிமையுள்ள குலம் அது. சிலர் தண்டனையாகக் கடலில் இறக்கப்பட்டிருக்கலாம். மொத்தக் குளிப்பும் அவர்களால் நடந்தது என்பதை ஏற்க மனம் ஒப்பவில்லை.

காரணம் தொழிலிலேயே இருக்கிறது. கால் வைக்கும் கல்லோடு கயிறு இறங்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு குளியாள் சரசரவென்று அடிக்குப் போவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள், ‘பார்’ எனப்படும் கடலடித் திட்டிலிருந்து கைக்கு எட்டிய சிப்பிகளைப் பிடுங்கி வலைப்பைக்குள் போட்டு, கயிற்றை அசைக்க வேண்டும். மேலே தோணியில் இருப்பவர் அந்த அசைவுக்காகவே காத்திருப்பார். அவர் ஒரு கணம் அசந்தாலும் கீழே இருப்பவர் உயிர் போய்விடும். அதனால்தான் கயிறு பிடிக்க உறவுக்காரரையே வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. சுறாவைக் கட்ட மந்திரம் சொல்லும் ‘கடல்கட்டி’ இல்லாமல் பழைய சலாபங்களில் யாரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். எந்தப் பார் எங்கே கிடக்கிறது, எப்போது நீரோட்டம் தணியும் என்பதெல்லாம் சிறுவயது முதல் கடலோடு வளர்ந்தவர்களுக்கே வசப்படும் அறிவு.

தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக் குளிப்பு 1961-ல் நடந்தது. அதன் பிறகு பார்களில் சிப்பி பழையபடி விளையவில்லை. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் இந்தியாவில் முதன்முறையாக வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். திரேஸ்புரத்துக்காரர்கள் சங்கு குளிக்க இன்றும் கடலுக்குப் போகிறார்கள்.

கொற்கையில் 1870-களில் கால்டுவெல் தோண்டினார்; 1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 785-ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது. 2021-லும் அங்கே குழிகள் வெட்டினார்கள். மண்ணுக்குள் தேடும் இந்த அக்கறை மனிதர்களிடமும் வேண்டும். 1961 சலாபத்தில் இருபது வயதில் குளித்தவருக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். பார்களின் பெயர்களையும், கல் கட்டும் முறையையும், கயிற்றசைவின் பொருளையும் அவர்கள் வாயால் கேட்டு ஒலிப்பதிவு செய்யும் வேலையைப் பல்கலைக்கழகங்களும் தொல்லியல் துறையும் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.