கென்டக்கிக்கு வழி போட்டவருக்கே அங்கே நிலம் மிஞ்சாமல் போனது ஏன்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டேனியல் பூன் பெயரில் ஒரு தேசியக் காடே இருக்கிறது. ஆனால் 1799-ல் அவர் அந்த மண்ணை விட்டுக் கிளம்பியபோது, கையில் பெரிதாக நிலம் எதுவும் இல்லை.

1775-ல் கம்பர்லேண்ட் கணவாய் வழியாகப் பாதை வெட்டி, குடியேறிகளைக் கூட்டிச் சென்றவர் பூன். அது ஷானி, செரோக்கி மக்களின் வேட்டைக்காடு. சும்மா விடுவார்களா? பூனின் மகன் ஜேம்ஸ் 1773-லும், இன்னொரு மகன் இஸ்ரேல் 1782-ல் புளூ லிக்ஸ் சண்டையிலும் கொல்லப்பட்டார்கள்.

பூன் பதவி இல்லாத ஆளும் அல்ல. ஃபேயட் கவுன்டி படையில் லெஃப்டினன்ட் கர்னல், வர்ஜீனியா சட்டமன்ற உறுப்பினர், ஷெரிஃப், நில அளவையாளர் என்று எல்லாம் பார்த்தவர்தான்.

பிறகு எங்கே சிக்கல்?

கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. 1779-ல் வந்த சட்டப்படி, அரசு நிலத்தை முன்கூட்டியே அளந்து வைக்கவில்லை. பணம் கட்டி வாரண்ட் வாங்கியவர், பிடித்த இடத்தைத் தானே காட்டிப் பதிய வேண்டும்; அளந்து, கடைசியில் பட்டா வாங்க வேண்டும். எல்லை எது? இந்த மரத்திலிருந்து அந்த ஓடை வரை, அவ்வளவுதான். மரம் விழும், ஓடை திசை மாறும். ஒரே நிலத்துக்கு மூன்று பேர் பேப்பரோடு வந்து நின்றார்கள். கோர்ட்டில் ஜெயித்தது முதலில் காடு திருத்தியவர் அல்ல. பேப்பரைச் சரியாக முடித்தவர். இந்தக் குளறுபடியைப் பார்த்த பிறகோ என்னவோ, 1785-ல் மத்திய அரசு ஓஹாயோ பக்கம் முதலில் கட்டம் கட்டமாக அளந்து, பிறகே விற்க முடிவெடுத்தது.

பூன் பதிவு வேலையில் அசட்டை. அவரிடம் நிலம் வாங்கியவர்களும், உரிமை செல்லாது என்றதும் அவர் மீதே வழக்குப் போட்டார்கள்.

மிசௌரியில் திரும்பவும் அதே கதை. அங்கே ஆண்ட ஸ்பெயின் 1800-ல் அவரை உள்ளூர் நீதிபதி ஆக்கி, நிலமும் கொடுத்தது. நியூ ஆர்லியன்ஸில் அதை உறுதிசெய்து வாங்க வேண்டும், அவர் போகவில்லை. 1803-ல் அந்தப் பகுதியை அமெரிக்கா வாங்கியதும் அந்த நிலமும் கைவிட்டுப் போனது.

1814-ல் நாடாளுமன்றம் 850 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தது. பழைய கென்டக்கி கடன்காரர்களுக்காக அதில் பெரும்பகுதியை பூன் விற்றுவிட்டார். 1820-ல், மகன் நேதன் வீட்டில் இறந்தார்.