தங்கவயலின் ஒற்றைக் குரல்

224 பேர் அமரும் கர்நாடக சட்டசபைக்கு 1983-ல் தங்கவயலிலிருந்து அ.தி.மு.க. சார்பில் சென்றவர் பக்தவத்சலம். 1989, 1999 தேர்தல்களிலும் அவரே வென்றார். இடையில் 1985-ல் மார்க்சிஸ்ட் கட்சிக்கும், 1994-ல் குடியரசுக் கட்சிக்கும் தொகுதி கைமாறியது.

சபையில் ஒற்றை ஆள் வீராவேசம் பேசி என்ன பயன்? மேடையில் கைதட்டல் கிடைக்கும். பள்ளிக்கு வாத்தியார் கிடைக்கமாட்டார். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி தர வழி செய்யச் சொல்கிறது, அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. அதைக் காட்டி நிதானமாகக் கேட்டால், பக்கத்து வீட்டுக் கன்னடரும் நியாயம் என்பார்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. 2008 முதல் தொகுதி பா.ஜ.க., காங்கிரஸ் வசமே. விடியுமுன் பெங்களூர் ரயிலேறும் நம்மவர்க்கு, கொடி எதுவாயினும், சட்டம் தெரிந்த நிதானக் குரல் ஒன்று வேண்டும்.