பாட்டெல்லாம் ஒரே மாதிரியா?



"இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் ஒரே சத்தம். எங்கள் காலத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி" என்று உம்மாமார் சொல்வதும் பிள்ளைகள் முகம் சுளிப்பதும் பல வீடுகளில் நடப்பதுதான். பாட்டுக் கேட்பதன் மார்க்கத் தீர்ப்பை எழுத நான் இங்கு வரவில்லை. அது தனிப் பாடம். உம்மா சொல்வது உண்மையா என்பதையே பார்க்கப் போகிறோம். ஏன் தெரியுமா? கண்டிக்கும்போது ஒரு சொல் பிழைத்துவிட்டால், கூடவே சொல்லும் நல்ல சொல்லையும் பிள்ளை காதில் வாங்காது.

உம்மாவின் பக்கம் ஒரு சாட்சி

மேலைநாட்டுப் பாடல்களை வைத்து இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1955 முதல் 2010 வரையிலான நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கணனியில் இட்டு ஆராய்ந்து 2012 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழிகள் குறைந்து வந்திருந்தன. வாத்தியங்களின் ஒலிநிறமும் ஒன்றையொன்று ஒத்து வந்திருந்தது. பதிவின் சத்த அளவோ கூடிக்கொண்டே போயிருந்தது. அதாவது, வானொலியின் திருகை அசைக்காமல் விட்டாலும் புதிய பாட்டு பழையதைவிட உரத்துக் கேட்கும்.

பிள்ளையின் பக்கமும் ஒரு சாட்சி

2015 இல் இலண்டன் ஆய்வாளர்கள் வேறொரு கணக்கைக் காட்டினார்கள். அமெரிக்காவின் முதல் நூறு பாடல்கள் வரிசையில் 1960 முதல் 2010 வரை இடம்பெற்ற சுமார் 17,000 பாடல்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பல்வகைமை ஒரே சீராகக் குறைந்து வரவில்லை. 1980களில் சரிந்து 1986 அளவில் அடிமட்டத்துக்கு வந்தது. பிறகு மீண்டும் உயர்ந்தது. 1964, 1983, 1991 ஆகிய ஆண்டுகளை ஒட்டிப் பெரும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1991 இன் மாற்றமே மிகப் பெரியது. ரெப், ஹிப் ஹொப் பாடல்கள் வரிசைக்குள் நுழைந்த காலம் அது.

1980களில் ஏன் சரிந்தது? சிந்தசைசரும் இயந்திர மேளமும் ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவிய காலம் அது. ஒரே கருவி பலர் கையில் இருந்தால் ஒரே ஓசைதானே பிறக்கும்? ஒரே அச்சில் வார்த்த பலகாரம் போல!

இரு ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றனவா? இல்லை. ஒன்று பெருந்தொகைப் பதிவுகளை அளந்தது. மற்றது வரிசையில் ஏறிய பாடல்களை மட்டும் அளந்தது. அளந்த முறையும் வேறு.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பழைய காலத்திலும் சாரமற்ற பாடல்கள் ஏராளம் வந்தன. அவை மறக்கப்பட்டுவிட்டன; நல்லவையே நினைவில் தங்கின. நாம் அன்றைய பொறுக்கிய மணிகளை இன்றைய புடைக்காத நெல்லோடு ஒப்பிடுகிறோம். இது நீதியான தராசு அல்ல.

வீட்டில் கேட்க வேண்டியது

சகோதரிகளே! "எல்லாம் ஒரே மாதிரி" என்ற வழக்கில் உம்மாவுக்கும் முழு வெற்றியில்லை, பிள்ளைக்கும் முழு வெற்றியில்லை. அந்த ஆய்வுகள் ஓசையை அளந்தன. பாட்டின் கருத்தை அளக்கவில்லை. சொற்கள் கண்ணியமானவையா, பெண்ணை இழிவுபடுத்துகின்றனவா, படிப்பு நேரத்தையும் தொழுகை நேரத்தையும் விழுங்குகின்றனவா என்பதைப் பெற்றோர்தான் பார்க்க வேண்டும்.

சத்தத்தையும் கவனியுங்கள். காதில் மாட்டும் கருவியில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்பதானால், வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபெல், பிள்ளைகளுக்கு 75 டெசிபெல் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் எல்லை வகுத்தது. அதைவிடச் சத்தம் கூடினால் கேட்கும் நேரம் குறைய வேண்டும். கெட்டுப்போன செவிப்புலன் திரும்பி வருவது அரிது.

ஆகவே, "உன் பாட்டெல்லாம் குப்பை" என்று தொடங்காதீர்கள். "இதில் என்ன சொல்கிறார்கள், எனக்கும் சொல்லு மகள்" என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். பொருளைச் சொல்ல அவள் கூச்சப்பட்டால், அந்தப் பாட்டுக்கான தீர்ப்பை அவளே வழங்கிவிடுவாள்.