புட்டியின் மேல் ஊரின் பெயர்

வீட்டிலே பீர் வடித்துப் பழகிய ஒருவர் அதைக் கடைக்கு அனுப்ப எண்ணங்கொண்டதும், "என்ன மார்க் வைக்கலாம்?" என்றுதான் முதலில் யோசிக்கிறார். ருசியைப்பற்றி அவருக்குச் சந்தேகமில்லை, சிநேகிதர்கள் புகழ்ந்தாயிற்று. (இலவசமாய்க் குடிப்பவர் குறை சொல்வாரா என்பது வேறு விஷயம்.) புதுச்சேரியைப் போன்ற ஊரிலே இவ்வாசை எழுவது ஆச்சரியமன்று. நாம் மதுவின் கட்சியைச் சேர்ந்தவர்களல்லோம். ஆயினும், இந்த மார்க் விஷயம் குடியாத ஊராரையும் பொறுத்ததாகையால், இரண்டொரு வார்த்தை சொல்லத் துணிகிறோம்.

1970-ம் வருஷத்துப் புதுச்சேரிக் கலால் சட்டப்படி லைசென்ஸின்றி ஒரு புட்டிகூட வடித்து விற்பதற்கில்லை. அரசியல் சட்டத்தின் 47-வது ஷரத்து மதுவிலக்கைச் சர்க்காருக்கு லட்சியமாக வைத்திருக்கிறது. மது வியாபாரம் எவருக்கும் அடிப்படை உரிமையாகாதென்று சுப்ரீம் கோர்ட்டும் 1994-ல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் தீர்ப்புக் கூறிற்று.

விளம்பரத்துக்கும் வாய்ப்பூட்டு உண்டு. 1994-ம் வருஷத்துக் கேபிள் டெலிவிஷன் விதிகள் மதுவை நேராகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்யக் கூடாதென்கின்றன. பெரிய கம்பெனிகள் இதற்குக் கண்ட உபாயம், பெயரை வேறு சரக்கின் மேல் ஏற்றி உலவவிடுவது. கிங்பிஷர் என்னும் மீன்கொத்திப் பறவை தண்ணீர்ப் புட்டியில் உட்கார்ந்தது, காலண்டரில் உட்கார்ந்தது, 2005 முதல் 2012 வரையில் ஆகாய விமானமாகவே பறந்தது. பார்த்தவர்களுக்கு ஞாபகம் வந்தது எதுவென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வளவு பணபலமில்லாத சிறு வியாபாரிக்குப் புட்டியின் லேபில் ஒன்றே வாய். அதையும் ராஜ்யந்தோறும் தனித்தனியே சர்க்காரிடம் பதிவு செய்தாக வேண்டும். இதில் உள்ள கண்டிப்புக்குச் சாட்சி, 2015-ல் தோன்றிய பீரா 91 பட்ட பாடு. அதை நடத்தும் கம்பெனி தன் பெயரிலிருந்து 'பிரைவேட்' என்னும் ஒரு சொல்லை நீக்கிற்று. அதனால் லேபில்களையெல்லாம் புதிதாகப் பதிய நேர்ந்து, மாதக்கணக்கில் விற்பனை தடைப்பட்டது. 2023-24-ல் கம்பெனியின் நஷ்டம் அவ்வருஷத்து விற்பனைத் தொகையையே மிஞ்சிற்று; இத்தடையும் அதற்கு ஒரு காரணம்.

கம்பெனியின் பெயரில் ஒரு சொல் குறைந்ததற்கு இவ்வளவு விசாரணை செய்யும் சர்க்கார்கள், புட்டியின் நெற்றியில் யாருடைய பெயர் இருக்கிறதென்று விசாரிக்கின்றனவா?

புதுச்சேரி வியாபாரியின் கைக்கெட்டும் பெயர்கள் யாவை? பிரஞ்சுத் தெருக்கள், கடற்கரை, கட்டுமரம். நம் கடலோடிகள் மரங்களைப் பிணைத்துச் செலுத்திய கட்டுமரம் ஆங்கிலத்திலே 'காட்டமரான்' ஆகி, இப்பொழுது புதுச்சேரியிலேயே ஒரு சிறு பீர்ச்சாலையின் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது. பெயரிட்டவர் கெட்டிக்காரர்தாம். ஆனால், பீரிலே நம்முடையது என்ன? பார்லி வடநாட்டில் விளைவது. ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ பெரும்பாலும் கடல் கடந்து வருவது. மிஞ்சுவது தண்ணீரும் பெயருமே! நம் பனையும் தென்னையும் தரும் கள்ளுக்கோ லேபில் கிடையாது. இறக்கிய சில மணி நேரத்தில் பொங்கிப் புளித்துவிடும் பண்டத்தைப் புட்டியிலடைத்து அயலூருக்கு அனுப்புதல் எளிதன்று. சுதேசிச் சரக்கு பெயரற்றுக் கிடக்க, சுதேசிப் பெயர் அன்னியச் சரக்கின் மேல் ஏறுகிறது. கள்ளுக்குப் பரிந்து இதைச் சொல்லவில்லை.

2018-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, மதுச்சத்து எத்தனை சதவீதமென்பதையும் குடி தீங்கு செய்யுமென்ற எச்சரிக்கையையும் லேபிலில் அச்சிட வேண்டும். நல்ல விதியே. ஆனால் பொடி எழுத்து எச்சரிக்கையைப் படிப்பவர் எத்தனை பேர்?

1908-ல் பாரதியார் அடைக்கலம் புகுந்து, 'இந்தியா' பத்திரிகை வெளிவர இடந்தந்த ஊர் புதுச்சேரி. இன்று அக்கம்பக்கத்து ஜில்லாக்களில் 'பாண்டிக்குப் போகிறேன்' என்றாலே கேட்பவர் சிரிக்கிறார். 1999-ம் வருஷத்து வியாபாரச் சின்னச் சட்டம் வெறும் ஊர்ப்பெயரைச் சாதாரணமாக ஒருவருக்குச் சொந்தமாக்குவதில்லை. கூட ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் வழி பிறந்துவிடுகிறது. ஆகையால், ஊரின் பெயரையும், அதன் கவிஞர் தியாகிகளின் பெயரையும் சுமந்து வரும் லேபில்களைப் பதிவு செய்வதில்லையென்று புதுச்சேரிக் கலால் இலாகா விதி செய்ய வேண்டுமென்கிறோம்.

பின் எதைத்தான் வைப்பது என்று வியாபாரி கேட்கக்கூடும். தம் பெயரையே வைத்துக்கொள்ளட்டும். 1759-ல் டப்ளின் நகரில் வடிக்கத் தொடங்கிய ஆர்தர் கின்னஸ் என்பவரின் சரக்கு இன்றும் அவர் குடும்பப் பெயராலேயே விலையாகிறது.