உங்கள் வலைப்பூ உண்மையிலேயே உங்களுடையதா? சொந்த டொமைனும் பேக்கப்பும் ஏன் அவசியம்?

2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வலைப்பூ சேவை டைப்பேட். இலவசம் கூட இல்லை, சந்தா கட்டித்தான் எழுத வேண்டும். 2025 ஆகஸ்ட் இறுதியில் அதிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. 'செப்டம்பர் 30ஆம் தேதியோடு சேவையை நிறுத்துகிறோம். உங்களுக்கு வேண்டியதை அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் அதன் சாரம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதியவர்களுக்கும் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய ஒரு மாதம்தான்.

இப்படி ஒரு அறிவிப்பு வரும்போது எழுதுபவர்கள் மூன்று வகையாகப் பிரிந்துவிடுவார்கள். சொந்த டொமைனும் பேக்கப்பும் வைத்திருப்பவர் வேறு இடத்துக்கு மாறிவிடுவார், வாசகருக்கு முகவரி மாறியதே தெரியாது. பேக்கப் மட்டும் வைத்திருப்பவரின் எழுத்து பிழைக்கும், ஆனால் பத்து வருடங்களாகப் பகிர்ந்த லிங்க் எதுவும் திறக்காது. இரண்டும் இல்லாதவர்? அவ்வளவுதான்.

'நமக்கெல்லாம் இது நடக்குமா?' என்று நினைக்க வேண்டாம். யாகூ நிறுவனம் அமெரிக்காவில் ஜியோசிட்டிஸ் சேவையை 2009 அக்டோபரில் மூடியது. ட்விட்டர் வாங்கிய போஸ்டரஸ் 2013 ஏப்ரலில் மூடப்பட்டது. மைஸ்பேஸ் மூடப்படவே இல்லை. ஆனால், சர்வர் மாற்றும்போது 2015க்கு முன்பு ஏற்றப்பட்ட பாடல்கள் பறிபோய்விட்டன என்று 2019இல் ஒப்புக்கொண்டது.

டொமைன் வேறு, ஹோஸ்டிங் வேறு

இந்த இரண்டையும் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். டொமைன் என்பது உங்கள் முகவரி. ஹோஸ்டிங் என்பது கட்டுரைகளும் படங்களும் இருக்கும் கம்ப்யூட்டர். எளிதாகச் சொன்னால், டொமைன் உங்கள் மொபைல் நம்பர், ஹோஸ்டிங் நெட்வொர்க் கம்பெனி. சேவை பிடிக்கவில்லை என்றால் நம்பரை போர்ட் செய்துகொண்டு வேறு நெட்வொர்க்குக்குப் போகிறோம் அல்லவா? நம்மை அழைப்பவர்கள் பழைய நம்பருக்கே அழைக்கிறார்கள். சொந்த டொமைன் இருந்தால் வலைப்பூவிலும் அதே சுதந்திரம் கிடைக்கும்.

பிளாக்ஸ்பாட் போன்ற இலவச முகவரியில் அந்தச் சுதந்திரம் கிடையாது. உங்கள் பெயருக்குப் பின்னால் இருக்கும் பகுதி அந்த நிறுவனத்தின் சொத்து.

இதற்கு நம் ஊர் வலைப்பதிவர்கள் பலருக்கும் தெரிந்த உதாரணம் உண்டு. 2012 முதல் சில ஆண்டுகள், இந்தியாவிலிருந்து பிளாக்ஸ்பாட் வலைப்பூவைத் திறந்தால் முகவரி 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்று மாறிவிடும். அந்த முகவரியைத்தான் பலரும் காப்பி செய்து பகிர்ந்தார்கள். 2020இல் அந்த டொமைன் கூகுளின் கையைவிட்டு வேறொருவரிடம் போனது. வலைப்பூக்கள் 'டாட் காம்' முகவரியில் பத்திரமாகவே இருந்தன. ஆனால், 'டாட் இன்' என்று பகிரப்பட்ட பழைய இணைப்புகள் திறக்காமல் போயின. எழுதியவர்கள் செய்த தவறு எதுவுமில்லை, அதைச் சரிசெய்ய அவர்களுக்கு வழியும் இல்லை.

டொமைன் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

டொமைனைப் பதிவு நிறுவனம் ஒன்றிடம் வருடக் கணக்கில் பதிவு செய்ய வேண்டும். டாட் காம் என்றால் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்யலாம். டாட் இன் முகவரிகளை நிக்ஸி எனப்படும் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு நிர்வகிக்கிறது. தமிழிலேயே முடியும் டாட் இந்தியா முகவரியும் உண்டு.

முதலில் விலை. 'முதல் வருடம் 99 ரூபாய்' என்பது போன்ற ஆஃபரில் மயங்க வேண்டாம். இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்பதைப் பாருங்கள், வருடா வருடம் கட்டப்போவது அதுதான்.

அடுத்து, யார் பெயரில் பதிவு என்பது. வெப்சைட் செய்து கொடுக்கும் நண்பரே தன் கணக்கில் டொமைனையும் வாங்கிக் கொடுத்துவிடுவது இங்கே சகஜம். பிறகு அவர் வெளிநாடு போய்விட்டாலோ, போனை எடுக்கவில்லை என்றாலோ கையைப் பிசைய வேண்டியதுதான். நிலம் வாங்கினால் பத்திரம் யார் பெயரில் என்று பார்ப்பதுபோல இதையும் பாருங்கள். கணக்கு, பாஸ்வேர்டு, இமெயில் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும்.

அந்த இமெயில் முக்கியம். டாட் காம் போன்ற டொமைன்களுக்கு, காலாவதி ஆவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகான் அமைப்பின் விதி. அது போய்ச் சேர்வது நீங்கள் கொடுத்த மெயிலுக்குத்தான். காலேஜ் மெயில், பழைய ஆபீஸ் மெயில் கொடுத்திருந்தால் தகவலே வராது. அதே டொமைனில் இயங்கும் மெயிலையும் கொடுக்காதீர்கள். டொமைன் போனால் அந்த மெயிலும் சேர்ந்தே போய்விடும்.

தேதி தாண்டிவிட்டால் உடனே பறிபோகுமா? டாட் காமில் பொதுவாகச் சில வாரங்கள் அவகாசம் இருக்கும், அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதன்பிறகு 30 நாட்களுக்குக் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதையும் விட்டால், ஐந்து நாட்களில் யார் வேண்டுமானாலும் வாங்கும் நிலைக்கு வந்துவிடும். உங்கள் பெயரிலான முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுவதைப் பார்க்க நேரலாம். ஆட்டோ ரெனியூவலைப் போட்டுவைத்துவிட்டு, அதில் கொடுத்த கார்டு இன்னும் செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள்.

எங்கே எழுதுவது?

பிளாகர்: ஹோஸ்டிங் செலவே இல்லை, டொமைனுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். பிளாகர் செட்டிங்ஸில் உங்கள் டொமைனைக் கொடுத்தால் இரண்டு 'சிநேம்' பதிவுகள் காட்டும். அவற்றை டொமைன் வாங்கிய தளத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் சேர்க்க வேண்டும். பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களும் தானாகவே புதிய முகவரிக்கு வந்துவிடுவார்கள்.

வேர்ட்பிரஸ்: இதில் இரண்டு வகை. வேர்ட்பிரஸ் டாட் காமில் சொந்த டொமைனை இணைக்கக் கட்டணத் திட்டம் தேவை. வேர்ட்பிரஸ் மென்பொருளை இலவசமாக எடுத்து, நீங்களே வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கில் நிறுவுவது இன்னொரு வகை. கட்டுப்பாடு முழுக்க உங்கள் கையில், அப்டேட்டும் பாதுகாப்பும் உங்கள் தலையில்.

கிட்ஹப் பேஜஸ்: ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இது எளிது. சொந்த டொமைனை இலவசமாக இணைக்கலாம். கட்டுரைகள் சாதாரணக் கோப்புகளாக உங்கள் லேப்டாப்பிலும் ஒரு பிரதி இருக்கும்.

பேக்கப் எங்கே இருக்கிறது?

முகவரி உங்களுடையது ஆகிவிட்டது, சரி. ஆனால், உள்ளே இருக்கும் எழுத்து போய்விட்டால் வெறும் முகவரியை வைத்து என்ன செய்வது?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெஃப் அட்வுட், 'கோடிங் ஹாரர்' என்ற புகழ்பெற்ற வலைப்பூவைச் சொந்த டொமைனில் எழுதிவந்தார். 2009 டிசம்பரில் ஹோஸ்டிங் தரப்பில் ஏற்பட்ட கோளாறில் மொத்தமும் போனது. அவரிடம் பேக்கப் இருந்தது, ஆனால் அதே சர்வருக்குள்ளேயே இருந்தது. ஹோஸ்டிங் நிறுவனம் எடுத்துவந்த பேக்கப்பும் கைகொடுக்கவில்லை. தேடுபொறிகளின் நகல்கள், வாசகர்கள் சேமித்து வைத்தவை என்று தேடித்தேடித்தான் மீட்க முடிந்தது. மென்பொருளில் ஊறியவருக்கே இந்த நிலை.

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் தீயில் அழிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சில வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

இதற்குத்தான் '3-2-1' என்ற விதி. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரவலாக்கியது. மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். வலைப்பூவுக்கு இது ரொம்பச் சுலபம். தளத்தில் இருப்பது ஒன்று, வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. ஆனால், பிளாகரும் கூகுள்தான், டிரைவும் கூகுள்தான். கணக்கு முடங்கினால் இரண்டும் முடங்கும். அதனால் கிளவுட் பிரதியை வேறு நிறுவனத்தில் வையுங்கள்.

எதையெல்லாம் எடுக்க வேண்டும்?

பிளாகரில் எழுதுபவர்கள் கூகுள் டேக்அவுட் வழியாகத் தங்கள் பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம். வேர்ட்பிரஸின் எக்ஸ்போர்ட் வசதி ஓர் எக்ஸ்எம்எல் கோப்பைத் தரும். அதில் எழுத்து இருக்கும், படங்களின் இணைப்பு மட்டுமே இருக்கும், படம் இருக்காது. பழைய தளம் மூடப்பட்ட பிறகு அந்த இணைப்பால் பயனில்லை. சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் வைத்திருந்தால் டேட்டாபேஸ், 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டர் இரண்டும் தேவை. அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளகின்கள் இவற்றைக் குறித்த நேரத்தில் தானாகவே கிளவுடுக்கு அனுப்பும்.

எடுத்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்கவும் வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட பேக்கப் முறைகள் இருந்தும் பல வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுக்கப்பட்ட பிரதி ஒன்று இருந்ததால் தப்பித்தார்கள். நீங்களும் வருடத்துக்கு ஒருமுறையாவது ஒரு சோதனை வலைப்பூ தொடங்கி, பேக்கப் கோப்பை அதில் ஏற்றிப் பாருங்கள். தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகச் சிதையாமல் வருகிறதா, படங்கள் வருகின்றனவா என்று அப்போது தெரிந்துவிடும்.

'வேபேக் மெஷின் இருக்கிறதே?' என்று கேட்கலாம். இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பின் அருமையான சேவை அது. உங்கள் பக்கங்களை நீங்களே அதில் சேமிக்கவும் செய்யலாம், கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால், எல்லாப் பக்கமும் அதில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2024 அக்டோபரில் சைபர் தாக்குதலால் அதுவே சில நாட்கள் முடங்கியது.

இன்றைக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா?

* உங்கள் வலைப்பூவை இப்போதே எக்ஸ்போர்ட் செய்து, தளத்துக்கு வெளியே இரண்டு இடங்களில் வையுங்கள்.

* டொமைன் இருந்தால், அது யார் கணக்கில் இருக்கிறது, எந்த மெயிலுக்கு நினைவூட்டல் போகிறது என்று பாருங்கள். காலாவதி தேதிக்கு ஒரு மாதம் முன்பாக மொபைல் காலண்டரில் அலாரம் வையுங்கள்.

* டொமைன் இல்லை என்றால், உங்கள் பெயர் இன்னும் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

* வீட்டில் அப்பாவோ அத்தையோ பல வருடங்களாக இலவச வலைப்பூவில் எழுதிவருகிறார்களா? அவர்களுடையதையும் சேர்த்து இறக்கிவிடுங்கள். பாஸ்வேர்டு அவர்களுக்கு நினைவிருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.